நான்காவது பெயர்

அமல்,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி நேற்று வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். கோயில் பெயர், பூசை நேரம், பெண் வீட்டார் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. உன் அப்பா பெயருக்கு முன்னால், காலமானவர் என்பதற்கான சிலுவைக் குறி விட்டுப்போயிருக்கிறது, அச்சகத்தில் சொல்லிவிடு. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய்: 'தாய்மாமன், ழான், பிரான்ஸ்.' அதன் கீழே எனக்கு மட்டும் ஒரு குறிப்பு, 'சம்மதமா அம்மா?' என்று. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ மூன்று முறை கூப்பிட்டாய். கோபத்தில்தான் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் போனில் பேசினால் பாதியில் நீ 'அழாதம்மா' என்பாய், நான் அழக் கூடாதென்று பேச்சை நிறுத்திவிடுவேன், சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும். ஒரு வருடமாக நமக்குள் அதுதான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது.

என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, சிப்பாயாகச் சேர்ந்து இந்தோசீனச் சண்டைக்குக் கப்பலேறியபோது எனக்கு எட்டு மாதம். குருசுக்குப்பத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் நம் சின்னக் குப்பத்திலிருந்து அந்த நாளில் பலர் போனார்கள். சிலர் திரும்பி வந்து மெடலும் தொப்பியுமாகக் கடற்கரையில் நடந்தார்கள். அப்பாவிடமிருந்து இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. செத்துப்போனார் என்று யாரும் சொல்லவில்லை, உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. உன் ஆயாவுக்கு, என் அம்மாவுக்கு, அப்போது இருபத்திரண்டு வயது. தாலியைக் கழற்றவில்லை, தலையில் பூவையும் விடவில்லை. குழாயடியில் ஒருத்தி, "வராத புருசனுக்கு எதுக்குடி இம்மாம் பூவு?" என்று கேட்டாளாம். "வரலன்னுதானே சொல்ற, செத்தாருன்னு சொல்லலியே" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். ஐம்பத்தெட்டு வருடம் அந்தப் பதிலோடுதான் அவள் இருந்தாள். எண்பது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பூ வைத்துக்கொண்டுதான் போவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். அதை இப்போது சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்கு நான்தான் பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை ஆயா என்னை, "போய் பிரெஞ்சு ஆபீசுல விசாரிச்சுட்டு வாடி" என்று அனுப்புவாள். முதல் சில வருடம் போனேன். பிறகு போகவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கடற்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, உனக்குச் சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டு, "பாத்துக்கிட்டே இருக்காங்களாம்மா" என்று வந்து சொல்வேன். வரும் வழியில், "ஆயா கேட்டா ஆபீசுக்குப் போனோம்னு சொல்லணும், என்னா?" என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். உனக்கு ஐந்து வயது. நீ கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னாய். வீட்டில் நிம்மதி இருந்தால் போதும் என்று நான் உனக்குப் பழக்கிவிட்டேன். உன்மேல் குற்றம் சொல்ல உட்காரும்போதெல்லாம் அந்தச் சோளம் நினைவுக்கு வந்து என் வாயை அடைக்கிறது. ஆனாலும் குற்றம் குற்றம்தான், அமல்.

நீ பிரெஞ்சில் எம்.ஏ. முடிக்கும் வருடம் நாம் இருவரும் சேர்ந்து பிரெஞ்சு அரசுக்கு அந்த மனுவை எழுதினோம். நான் தமிழில் சொல்ல, நீ பிரெஞ்சில் எழுதினாய். ராணுவ ஆவணங்களைப் பார்த்து என் அப்பா என்ன ஆனார் என்று தெரிவிக்கும்படி கேட்டோம். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. ஆயா இடுப்பு எலும்பு முறிந்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, நெல்லித்தோப்பு வீட்டின் கூடத்தில் கட்டிலோடு கிடந்த நாட்கள் அவை. உறையைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தேன். நீ பிரித்து முதல் தாளை மௌனமாகப் படித்தாய், இரண்டாவது தாளைப் படித்தாய், மறுபடி முதல் தாளுக்குப் போனாய்.

"என்னாடா போட்டுருக்கு?" என்றாள் ஆயா.

நீ அவளைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "தாத்தா செத்துட்டாரு ஆயா. சண்டையில."

"எப்ப?"

"போயி மூணாவது வருசம். காட்டுல. உடம்பு கெடைக்கலியாம்."

ஆயா தாலியை விரலால் தொட்டுக்கொண்டாள். பிறகு, "அதான் கடுதாசி வரல" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுத் தாலியைக் கழற்றச் சொன்னாள். கொக்கி தேய்ந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, விளக்கெண்ணெய் போட்டுத்தான் எடுத்தேன். மறுவாரம் இறந்தோருக்கான பூசை வைத்தோம். ஐந்து மாதத்தில் அவளும் போய்விட்டாள். சாகும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். என் மகன் படித்த படிப்பால் என் அம்மாவுக்குக் கிடைத்த தெளிவு என்று அப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ பிரான்சுக்குப் போய் நான்கைந்து வருடம் கழித்து, லெயோன் அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். நம் குப்பத்தில் உயிரோடு இருக்கும் கடைசி சொல்தா அவர்தான், எண்பதைத் தாண்டியவர். நகரத்தில் பெரிய நினைவுச்சின்னம் இருந்தாலும் நம் குப்பத்து ஆட்களின் பெயர் எதுவும் எங்கேயும் இல்லை, நம் மண்ணிலேயே ஒன்று வைக்க வேண்டும் என்றார். மாதா கோயில் ஆட்களும் அம்மன் கோயில் ஆட்களும் சேர்ந்து கமிட்டி போட்டிருந்தார்கள். "நீதான் டிராஃப்ட்ஸ்மேன் வேல பாத்தவ, நீதான் வரஞ்சு குடுக்கணும்" என்றார். அரசு வரைபடப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் சாக்கடையும் பள்ளிக்கூடக் கழிப்பறையும் வரைந்தவள் நான். என் பெயரைச் சொல்லி யாரும் ஒரு கட்டடத்தைக் காட்டியதில்லை. ஒப்புக்கொண்டேன்.

கமிட்டிக்காரர்களுக்குச் சிமென்ட்டில் ஒரு சிப்பாய் வேண்டும், கையில் துப்பாக்கி, மேலே தங்க நிறப் பெயின்ட். நான் மாட்டேன் என்றேன். போனவர்கள் எல்லாரும் துப்பாக்கி பிடித்தவர்கள் இல்லை, அவர்கள் முகமும் நமக்குத் தெரியாது, யாரோ ஒருவன் முகத்தை வைத்து எல்லார் வீட்டிலும் அழச் சொல்லலாமா என்று கேட்டேன். மூன்று கூட்டம் சண்டை. கடைசியில் என் வரைபடத்தைத்தான் ஏற்றார்கள். தூணும் இல்லை, சிலையும் இல்லை. இடுப்பு உயரத்தில் ஒரே கருங்கல் பலகை, மேசைபோலச் சற்றுச் சாய்வாக, முகம் கடல் பக்கம். எதிரில் ஒரு கல் பெஞ்சு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினால் எல்லாப் பெயரும் விரலுக்கு எட்ட வேண்டும், அதுதான் என் கணக்கு. கிழவிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. எழுத்தை ஆழமாக, அடி குறுகலாக வெட்டச் சொன்னேன். அப்போதுதான் உப்புக்காற்றில் படியும் தூசை மழை கழுவிக்கொண்டு போகும். திருவக்கரைப் பக்கத்துக் கல், வெட்டியவர் ஏழுமலை. மேலே ஒரு வரி: 'கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர்கள்.' கீழே ஏழு பெயர்கள். பதவிப்படியும் இல்லை, அகரவரிசையும் இல்லை, கப்பலேறிய வரிசை. என் அப்பா நான்காவது. முதலில் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான்தான் வேண்டாம், அவர் எப்போது போனாரோ அங்கேயே இருக்கட்டும் என்றேன். நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமையில்தான் செங்கேணிக்கு அநியாயம் செய்தேன். செங்கேணி என் வயதுக்காரி, மூன்றாவது தெரு. அவள் அப்பா முத்தாலு, பட்டாளத்தோடு சமையல் ஆளாகப் போனவர். அவள் கமிட்டிக்கு வந்து, "எங்கப்பா பேரயும் போடுங்க, உங்கப்பா போன அதே கப்பல்லதான் போனாரு" என்றாள். காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. போட்டோ? இல்லை. பெயர் பதிந்த நம்பர் எதாவது? "எங்கம்மா அழுதா. அதான் இருக்கு" என்றாள். "காயிதம் இல்லாம கல்லுல பேரு வராது செங்கேணி. நாளைக்கு யார் வேணாலும் வந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். விதியைப் போட்டதே நான். மற்ற ஆறு குடும்பமும் எதையோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். என் முறை வந்தபோது பழுப்பு உறையைத் தேடினேன், கிடைக்கவில்லை. நீ பிரான்சுக்குக் கொண்டுபோயிருந்தாய். போனில் கேட்டேன். "ஒரிஜினல் எதுக்கும்மா, நான் தமிழ்ல மொழிபெயர்த்துக் கையெழுத்து போட்டு அனுப்புறேன், அது போதும்" என்றாய். இரண்டு நாளில் மெயிலில் வந்தது, பிரிண்ட் எடுத்தேன். அழகான தமிழ். 'பணியின்போது உயிரிழந்தார், உடல் மீட்கப்படவில்லை.' கீழே உன் பெயர், உன் படிப்பு, உன் கையெழுத்து. கமிட்டிக் கோப்பில் முதல் தாளாக அதைத்தான் வைத்தேன்.

கட்டிலில் கிடந்த கிழவிக்காக நீ சட்டென்று சொன்ன பொய்யை நான் புரிந்துகொள்வேன், அமல். உன் இருபத்திரண்டு வயதில், ஆயா அப்படிப் பார்க்கும்போது, நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இந்தத் தாளை நீ உட்கார்ந்து எழுதினாய். வார்த்தை தேடி எழுதினாய். கல்லில் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்து எழுதினாய். அப்போது கட்டிலில் யாரும் இல்லை.

திறப்பு விழா எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது, லீவு இல்லை என்று நீ வரவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் மாதா கோயில் சாமியார் மந்திரித்துவிட்டுப் போனார், பூசாரி சூடம் காட்டினார், ஏழு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு மாலை வைத்தோம். நான் நான்காவது பெயரின்மேல் கையை வைத்தேன். முதல் முறையாக அப்பாவைத் தொட்டதுபோல இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், இன்னொரு கையில் வெள்ளைப் பூங்கொத்து. அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கண் சீனாக்காரர் கண்போல இருந்தது, காது மட்டும் நம் வீட்டு போட்டோவில் இருக்கும் அப்பாவின் காது, மேலே மடங்கிய காது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். மீதியைப் பிரெஞ்சில் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். லெயோன் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"என்னாண்ணே சொல்றாரு?"

"நீ வூட்டுக்குப் போம்மா. சாயங்காலம் வந்து சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க. பாதி சொல்லாதீங்க, முழுசா சொல்லுங்க."

அவர் என்னை அந்தக் கல் பெஞ்சில் உட்காரவைத்தார். "இவரு பேரு ழானாம். உங்கப்பாவோட மவனாம். சைகோன்ல ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டு பிரான்சுக்குப் போயிட்டாராம் உங்கப்பா. சண்டையில சாவல. வயசாயி, வூட்ல, கட்டில்லதான் செத்தாராம். உன் ஆயுசுல பாதிக்கு மேல அவரு உசுரோடதான் இருந்துருக்காரு." அங்கே நிறுத்தினார். நான் அவர் கையை அசைத்தேன். "இவுங்களுக்கு உன் பையன நல்லாத் தெரியுமாம். அங்க போனதுலேருந்து ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் இவுங்க வூட்லதான் சாப்புடுறானாம். இந்தக் கல்லு போட்டோவும் அவன் காட்டுனதுதானாம். நீதான் இவுங்களப் பாக்கறதுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டியாம். இன்னிக்காவது மனசு எறங்குவேன்னு வந்தாராம்."

கூட்டம் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் செங்கேணியும் இருந்தாள். நான் எழுந்தேன், அந்த மனிதரின் கையை விடுவித்துக்கொண்டேன், ஒரு ஆட்டோவைப் பிடித்து நெல்லித்தோப்புக்கு வந்துவிட்டேன். அவர் பூங்கொத்தோடு அங்கேயே நின்றார். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அவர் என்ன தப்பு செய்தார்? பாவம், அக்கா மனம் இறங்க எட்டு வருடம் காத்திருந்தவர். அப்படியொரு அக்காவை நீதான் அவருக்கு உண்டாக்கிக் கொடுத்தாய். எனக்கு ஒரு பொய்யும் அவருக்கு ஒரு பொய்யும் சொல்லி, நடுவில் நீ மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாய்.

அன்று மதியம் நீ போனில் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. "செத்தது உண்மதானம்மா. ஆயா கேட்டப்ப தாத்தா உயிரோட இல்ல. அதுக்கு நாலு வருசம் முன்னாடியே போயிட்டாரு. நான் எடத்தயும் நாளயும்தான் மாத்துனேன்." எடத்தையும் நாளையும்தான்! உன் ஆயாவின் வாழ்க்கை முழுக்க அந்த எடத்திலும் நாளிலும்தான் இருந்தது. ஏன் அவர்கள் வீட்டுக்குப் போனாய் என்று கேட்டேன். முதல் குளிர்காலத்தில் தனியாக இருந்தாய், விலாசம் கடிதத்தில் இருந்தது, ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாய், தாத்தாவின் அந்த மனைவி, உன் சின்னப் பாட்டி, சூப் வைத்துக் கொடுத்தாள், தாத்தாவின் ஸ்வெட்டரைக் கொடுத்தாள். நீ அனுப்பிய போட்டோவில் அந்த நீல ஸ்வெட்டரை நான் பார்த்திருக்கிறேன். நல்லா இருக்குடா, எங்க வாங்குன என்று கேட்டேன். கடையில் என்றாய்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பழுப்பு உறைக் கடிதத்தின் நகலை அனுப்பினாய், நான் பிடிவாதம் பிடித்ததால். லெயோன் அண்ணனிடம் கொண்டுபோய் ஒரு வரி விடாமல் படிக்கச் சொன்னேன். பெயர், நம்பர், பட்டாளத்திலிருந்து விடுபட்ட விவரம், கல்யாண விவரம், கடைசி விலாசம். நடுவில் ஒரு வரியை அவர் இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். சைகோனில் கல்யாணப் பதிவின்போது அப்பா தன் கையால் எழுதிக் கொடுத்தது: மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை. அன்று கூடத்தில் நீ ஏன் மறுபடி முதல் தாளுக்குப் போனாய் என்று அப்போது புரிந்தது. அந்த வரியை ஆயாவுக்குப் படிக்க முடியாது, சரி. எனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். இல்லாத பிள்ளை நான்தானே.

கமிட்டியைக் கூட்டச் சொல்லி எல்லாவற்றையும் நானே சொன்னேன். கோப்பில் இருக்கும் முதல் தாள் பொய், எழுதியது என் மகன், வைத்தது நான், அப்பா பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். யாருக்கும் மனம் வரவில்லை. "விடுக்கா, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ஒருவர். இன்னொருவர் இன்னும் கெட்டிக்காரர். "மேல என்னா எழுதியிருக்கு? போய்த் திரும்பாதவர்கள். அவரும் திரும்பலதானே? பொய்யில்லியே" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்த ஒரு கணம் எனக்கும் ஆசையாக இருந்தது, அமல், ஒத்துக்கொள்கிறேன். தலையாட்டிவிட்டு வந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்திலிருக்கும் ஆறு பேர் மண்ணோடு மண்ணாகப் போனவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தடவும்போது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் பெயரும் அந்த வரிசையில் இருந்தால், அந்தக் கல் எதற்கு? எடுத்தே ஆக வேண்டும் என்றேன். கூடவே, முத்தாலுவின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன். "காயிதம்?" என்று யாரோ கேட்டார்கள். "எல்லாரயும் விட நல்ல காயிதம் நான்தான் கொண்டாந்தேன்" என்றேன். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

செங்கேணி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குக் காயிதம் கேட்ட. இன்னிக்கு என்னா கேக்க வந்த?" என்றாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். "கேட்டுட்ட இல்ல, போ" என்றாள். முகத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான், வந்துவிட்டேன்.

ஏழுமலை மிஷினைக் கொண்டுவந்து நான்காவது வரியைத் தேய்த்தார். ஆழமாக வெட்டச் சொன்னது நான்தான், அதனால் அரைநாள் ஆனது. வெள்ளைத் தூசு என் புடவையெல்லாம் படிந்தது. பளபளப்பான கல்லின் நடுவில் இப்போது ஒரு கை அகலத்துக்கு மங்கலாக, சற்றுக் குழிந்து இருக்கிறது. அந்தக் குழியிலேயே முத்தாலு பெயரை வெட்டிவிடலாம், ஒரே கப்பல்தானே, வரிசையும் மாறாது என்றார் ஏழுமலை. நானும் சரி என்றிருந்தேன். அப்போது செங்கேணி வந்து நின்றாள், கையில் மீன் கூடையோடு. "அழிச்ச எடத்துல எங்கப்பாவ வெக்காத. எங்கப்பா யாருக்கும் பதிலா போவல. தனியா கீழ வெட்டு" என்றாள். வரைபடக்காரி என்ற முறையில் எனக்கு அது கண்ணை உறுத்தும், ஆறு பெயருக்கு நடுவில் ஒரு குழியும் கீழே தனியாக ஒரு பெயரும். ஆனால் அவள் சொன்னதுதான் சரி. கீழே வெட்டினோம். வெட்டி முடிந்ததும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள், எட்டவில்லை, சற்று முன்னால் குனிய வேண்டியிருந்தது. குனிந்தே தொட்டாள்.

இப்போது உன் பத்திரிகைக்கு வருகிறேன். ழான் பெயர் இருக்கட்டும். உனக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சினேன். அந்த உறவு உலகத்தில் ஒரு மூலையில் இருந்திருக்கிறது, அது அவர் குற்றமும் இல்லை, என் குற்றமும் இல்லை. அவர் வரட்டும், என்னோடு ஒரே வரிசையில் நிற்கட்டும். அன்று கையை விடுவித்துக்கொண்டதற்கு நான் அவரிடம் என் வாயால் மன்னிப்புக் கேட்பேன், வார்த்தைகளை லெயோன் அண்ணனிடம் கற்றுக்கொள்கிறேன். உன்னை மொழிபெயர்க்கக் கூப்பிட மாட்டேன். அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இப்போதைக்கு என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் மனைவியாக வரப்போகும் பெண்ணுக்காக உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உனக்கு அறிவுரையாக எடுத்துக்கொண்டாலும் சரி. நீ நல்லவன். யாரும் அழுவதை உன்னால் பார்க்க முடியாது. அவளும் ஒரு நாள் உன் முன்னால் உட்கார்ந்து எதையாவது கேட்பாள், உண்மையைச் சொன்னால் அழுவாள் என்று உனக்குத் தெரியும். அழவிடு. அழுகைக்குப் பிறகு அவள் உன் பக்கத்தில் இருப்பாளா என்று அவளே முடிவு செய்யட்டும். நீ அவளுக்காக முடிவு செய்தால் அவள் உன்னோடு வாழ்வதாக நினைத்துக்கொண்டு வேறு யாரோடோ வாழ்வாள். உன் ஆயா அப்படித்தான் வாழ்ந்தாள். ஒரு வருடம் முன்புவரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. அது வரும்போது வரும், வராமலும் போகலாம், நான் நடிக்கப் போவதில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வருகிறேன் என்றாய். வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார். எட்டு கிறிஸ்மஸ் அவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறாய். அப்பா என்ன சாப்பிடுவார், எந்த நாற்காலியில் உட்காருவார், கோபம் வருமா, தூக்கத்தில் தமிழில் பேசுவாரா, எல்லாம் உனக்குச் சொல்லியிருப்பார்கள். எழுபது வயதைத் தாண்டியும் என் அப்பாவைப் பற்றி என் மகனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ழானுக்கு இங்கே ஒரு அக்கா இருக்கிறாள் என்பது நீ போய்ச் சொன்ன பிறகுதான் தெரிந்ததா, இல்லை அப்பா முன்பே எப்போதாவது சொல்லியிருந்தாரா? என் பெயரை அவர் ஒரு முறையாவது அந்த வீட்டில் உச்சரித்தாரா?

எனக்கு ஆறுதலாக எதையும் சொல்லாதே. இல்லை என்றால், இல்லை என்று சொல்.

அம்மா